நார்மலைசேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் சிபிஎஸ்இ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி அடிபடும்: "நார்மலைசேஷன் பண்ணா கட் ஆஃப் எவ்வளவு ஏறும்?" வெவ்வேறு வாரியங்களில் படித்தவர்களை ஒரே தரவரிசைக்குள் கொண்டுவரப் போடும் கணக்குக்குத்தான் அந்தப் பெயர்.

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் பிற வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் சமம் என்று கொள்ள வேண்டும். இயற்பியலில் இங்கே முதல் மதிப்பெண் 100, அங்கே 90 என்றால், அந்த 90 நூறாகும். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. பொறியியலுக்கு இதன் பிறகுதான் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடுவார்கள். ஓட்டை எங்கே என்றால், அந்த வாரியத்தில் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் போதும், மற்ற எவருக்கும் அரை மதிப்பெண்கூட ஏறாது. வினாத்தாள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இந்தச் சூத்திரத்தின் கண்ணில் படுபவர் முதல் மாணவர் மட்டுமே.

சொல்லின் வேர் தச்சுப் பட்டறையில் இருக்கிறது. லத்தீனில் 'நார்மா' என்றால் மூலைமட்டம். 'நார்மாலிஸ்', மூலைமட்டத்துக்குப் பொருந்தி நிற்பது. 'வழக்கமான' என்ற பொருள் பிற்பாடு ஏறியது. நம் கலைச்சொல் பட்டியல்கள் அதைப் பிடித்துக்கொண்டு 'இயல்பாக்கம்' என்கின்றன. தரவுத்தளப் பாடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். மதிப்பெண்ணில் இயல்பு எது, இயல்பல்லாதது எது?

'தரப்படுத்தல்' வேண்டவே வேண்டாம். புள்ளியியலில் அது வேறு கணக்கு. இலங்கைத் தமிழர் காதில் இன்னும் வேறு: 1970களின் தொடக்கத்தில், தமிழ் மொழிமூல மாணவர்கள் சிங்கள மொழிமூல மாணவர்களைவிட அதிகப் புள்ளி எடுத்தால்தான் அதே துறையில் பல்கலைக்கழக அனுமதி என்று ஆக்கிய ஏற்பாட்டின் பெயர் அது.

என் தேர்வு 'மதிப்பெண் சமன்செய்தல்'. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்கிறது குறள் (118). முதலில் தான் சமனாக நின்று, பிறகு எடை பார்க்கும் துலாக்கோல். சேர்க்கைக் குழு செய்ய வேண்டிய வேலையும் அதே வரிசையில்தான். 'சமன்' வடசொல் என்று தயங்குவோர் 'நிகராக்கம்' எனலாம். கணக்குக்குப் பின் கிடைக்கும் எண்ணைச் 'சமன்செய்த மதிப்பெண்' என்று எழுதினால் பெற்றோருக்கும் புரியும்.