காந்தம் ஒட்டாத இரும்புத் தொப்பி

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாத்தா இரண்டாம் உலகப்போரில் இத்தாலி வரை போய் வந்தவர். அவர் கொண்டுவந்த பிரிட்டிஷ் இரும்புத் தொப்பி பரணில் இருக்கிறது. காந்தம் வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சித்தூரிலிருந்து வந்த ஒருவர், இதில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் போகும், டெஸ்டிங் செலவுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் என்று தமிழ்நாடு-ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல வருடமாக நடக்கும் மோசடிதான் இது. அரிசியை இழுக்கிற உலோகம் உலகத்தில் கிடையாது. இரிடியம் என்கிற அரிய உலோகத்தில் காந்தம் ஒட்டாது, வாஸ்தவம். பித்தளையிலும்தான் ஒட்டாது. அதற்காகக் குத்துவிளக்கை யாராவது கோடிக்கு வாங்குவார்களா? தராசில் வைத்தாலே விஷயம் முடிந்துவிடும். இரிடியத்தின் அடர்த்தி இரும்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் தொப்பி சுமார் ஒரு கிலோ இருக்கும். அதே அளவில் இரிடியத்தில் செய்திருந்தால் மூன்று கிலோ இருக்க வேண்டும்.

ஆனால் கேள்வியின் மற்றப் பாதி அருமையானது. இரும்புதான் என்றால் காந்தம் ஏன் ஒட்டவில்லை?

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் ஏராளம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்து டிரங்குப் பெட்டிகளில் பதக்கம், பெல்ட், தண்ணீர்க் குடுவையோடு இப்படித் தொப்பிகளும் கிடக்கின்றன. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி அகன்ற விளிம்புள்ள பிரிட்டிஷ் 'மார்க் 2' என்றால் அதன் கதை 1915-இல் தொடங்குகிறது. முதல் உலகப்போர் ஆரம்பித்தபோது எந்தப் படைக்கும் இரும்புத் தொப்பி கிடையாது. மேலே வெடித்துச் சிதறும் குண்டுத் துண்டுகள் தலையைப் பிளக்க ஆரம்பித்த பிறகுதான் யோசித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அதே ஆண்டில் ஜான் லியோபோல்ட் பிரோடி என்பவர், ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்யும் தொப்பிக்கு பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். முதலில் சாதா இரும்பு. சில வாரங்களிலேயே ஹாட்ஃபீல்டு எஃகுக்கு மாறினார்கள்.

ராபர்ட் ஹாட்ஃபீல்டு ஷெஃபீல்டு நகரத்து எஃகுக்காரர். 1882-இல் எஃகில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் மாங்கனீஸ் சேர்த்துப் பார்த்தார். கிடைத்த பொருள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தது. கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். இது தோய்த்தால் நெகிழ்ந்து கொடுக்கும். காந்தமும் ஒட்டாது.

காரணம் அணுக்களின் அடுக்கு. சாதா இரும்பு 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேறு ஒரு அடுக்குக்கு மாறும். கனசதுரத்தின் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு உட்கார்ந்திருக்கும் அடுக்கு. அதில் காந்தம் ஒட்டாது. ஆறும்போது பழைய அடுக்குக்குத் திரும்பிவிடும். மாங்கனீஸ் நிறைய இருந்தால் திரும்ப விடாது. சூட்டில் மட்டும் இருக்க வேண்டிய அடுக்கு குளிர்ந்த பிறகும் அப்படியே நின்றுவிடுகிறது. உங்கள் பரணில் இருப்பது அதுதான்.

சரி, இதைத் தலையில் மாட்டினால் என்ன லாபம்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

உலோகம் வளைவது அணுக்கள் மொத்தமாக நகர்வதால் அல்ல. கனமான ஜமுக்காளத்தை இழுக்க முடியாதபோது ஒரு ஓரத்தில் மடிப்பு உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போவோமே, அப்படி அணு வரிசையில் உள்ள சின்னப் பிசகு ஒன்று ஊர்ந்து போகிறது. அந்தப் பிசகு சுலபமாக ஊர்ந்தால் உலோகம் மெத்து. ஊர முடியாவிட்டால் கடினம். ஹாட்ஃபீல்டு எஃகில் அடி விழும் வரை அவை தாராளமாக ஊரும். அடி விழுந்ததும் அணு அடுக்கின் மெல்லிய பட்டைகள் திசை திரும்பி, பக்கத்து அடுக்கின் கண்ணாடிப் பிம்பமாக நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு பட்டையின் எல்லையும் அடுத்து வரும் பிசகுக்கு ஒரு தடை. அடிக்க அடிக்கப் பட்டைகள் பெருகும்; ஊர இடம் குறையும். எஃகில் உள்ள கரி (கார்பன்) அணுக்களும் மாங்கனீஸோடு சேர்ந்துகொண்டு பிசகுகளைப் பிடித்து நிறுத்தும். உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 200 போல இருந்த கடினம் 500 வரை ஏறிவிடும்.

இப்போது ஒரு குண்டுத் துண்டு தொப்பியில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ட புள்ளி உடனே இறுகுகிறது. இறுகிய இடம் மேலும் இழுபடாது. எனவே இன்னும் இறுகாத சுற்றுப்புறம் இழுபடுகிறது. அதுவும் இறுகும், அதற்கு அடுத்தது இழுபடும். சாதா தகட்டில் ஒரே இடம் மெலிந்து கிழிந்துபோகும். இதில் அடியின் சக்தி அகலமான பள்ளமாகப் பரவிவிடுகிறது, ஓட்டை விழுவதில்லை. பள்ளம் மண்டையைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் உள்ளே மெத்தையும் தோல் பட்டையும் வைத்து இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால், சுவரில் மாட்ட இந்தத் தொப்பியில் துளை போடப் பார்த்த யாரிடமாவது கேளுங்கள். டிரில் பிட்டு ஒரு நூல்கூட இறங்காது. வழுக்கும், கீச்சென்று கத்தும், நுனி நீலம் பாரித்து மழுங்கும். பிட்டு உரச உரச அது உரசும் இடமே இறுகிக்கொண்டு போகிறது. அவசரப்பட்டு அழுத்தாமல் விட்டுவிட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம். காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளம் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் இதே மாங்கனீஸ் எஃகு வார்ப்பைத்தான் ரயில்வே போடுகிறது. சக்கரம் இடிக்க இடிக்க இறுகும். எல்லையோரக் கல் கிரஷர்களில் கருங்கல்லை நொறுக்கும் 'ஜா பிளேட்'டும் இதுவே.

அதற்காக இது ரைபிள் குண்டைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தடி தூரத்திலிருந்து நொடிக்கு சுமார் 180 மீட்டர் வேகத்தில் வரும் .45 பிஸ்டல் குண்டைத் தாங்கியது. 15 கிராம் எடைக்கு இயக்க ஆற்றல் கணக்கு (அரை எம் வி ஸ்கொயர்) போட்டால் ஏறக்குறைய 240 ஜூல். .303 ரைபிளின் 11 கிராம் குண்டு 740 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது 3,000 ஜூல். கணக்கு அங்கேயே முடிகிறது.

இவ்வளவு விஷயமுள்ள பொருளை, செத்தவன் தொப்பி வீட்டுக்கு ஆகாது என்று பழைய இரும்புக் கடையில் கிலோ விலைக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில், போட்டுக்கொண்டவர் பிழைத்து வந்ததால்தானே அது வீட்டுக்கே வந்தது! எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை நொடிகளில் சொல்லும் கைத்துப்பாக்கி போன்ற கருவி பெரிய ஸ்கிராப் யார்டுகளில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று அருங்காட்சியகங்களுக்கும் வாங்கிக் கொடுத்தால் இரிடியம் வியாபாரிகளில் பாதிப் பேர் வேறு தொழில் பார்க்கப் போவார்கள். ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் எனக்கு வருத்தமில்லை. இதற்கு ஆகும் செலவு அதன் ஓரத்தில் சிந்தும் சில்லறை.

தொப்பியை வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அடுப்பில் ஏற்றாதீர்கள், பல நூறு டிகிரியில் நெடுநேரம் இருந்தால் கரி தனியே பிரிந்து எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். விளிம்பின் அடியிலும் தாடைப் பட்டையிலும் உள்ள முத்திரையையும் ஆண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். 'மார்க் 2' வடிவத்தில் இருந்தும் காந்தம் ஒட்டினால், ஊர்க்காவலுக்காகச் சாதா இரும்பில் செய்த மலிவு ரகமாக இருக்கலாம். ஜெர்மன் தொப்பி என்று யாராவது விற்க வந்தால் அதில் காந்தம் ஒட்டித்தான் ஆக வேண்டும். அவர்கள் வேறு வகைக் கடின எஃகைச் சூடாக்கி அச்சில் அழுத்தினார்கள். ஒட்டுவதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, போலிகளும் சாதா இரும்புதான்.