டாக்டர் சீட்டில் நோயின் பெயர் எதற்கு?

ஒரு பெண்ணின் உடல்நிலை வேலையிடம் முழுக்கப் பரவ, டாக்டர் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லும் ஒரு சூப்பர்வைசர் போதும். கருச்சிதைவு, கருப்பைக் கட்டி, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு பதவி உயர்வுப் பேச்சு வரும்போது, "அவங்க எப்படியும் லீவுல போயிடுவாங்க" என்பார் ஒருவர்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் அவ்வளவு விவரம் கேட்பதில்லை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் விடுப்பெடுத்தாலோ முதலாளி சான்றிதழ் கேட்கலாம். தராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கலாம். நோயால் அந்த நாட்களில் வேலை செய்ய முடியவில்லை என்று அதில் இருந்தால் போதும். நோய் இன்னதென்று எழுத டாக்டருக்கு உங்கள் சம்மதம் வேண்டும். சீட்டு எழுதும்போதே "நோயின் பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது அலைச்சல். அதை ஹெச்.ஆரிடம் மட்டும் கொடுங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள போப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு.

நேர்முகத் தேர்வில் "கல்யாணம் ஆச்சா, குழந்தை எப்போ?" என்பதும் இதே வகைதான். கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் அது பொருந்தும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சொந்தக்காரர் கடைகளில் இதை அக்கறையாகக் கேட்பார்கள். கேட்பவர் அங்கிளாக இருந்தாலும் முதலாளி முதலாளிதான்.

கர்ப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. இரசாயனம் கையாளும் வேலை, மாலை 6 முதல் காலை 6 வரையிலான ஷிப்ட் என்றால், முடிந்தவரை மாற்று வேலை தருவது முதலாளியின் கடமை. பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை அது தொடரும். பேறுகால விடுப்புக்கு, போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் 4 வாரத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். காரணத்தை டீம் முழுக்க அறிவிக்கத் தேவையில்லை.

முதலாளி இவற்றை மீறினால், முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாகுபாட்டு வழக்கை ஏற்பதற்கு முன், பேசித் தீர்க்க முயன்றீர்களா என்று வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ. (CCMA) கேட்கும். அங்கே மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாகுபாட்டுக்குக் கெடு 6 மாதம். வேலைநீக்கத்துக்கு 30 நாள்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் கடத்துவதால்தான் நல்ல வழக்குகள் விழுகின்றன. தகவல் கசிவு மட்டும் என்றால் அது தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும். வாட்ஸ்ஆப் படத்தை யாராவது அழிப்பதற்குள் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.