சொல் விளக்கம்: லினக்ஸுலேட்டர்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் லினக்ஸ் செயலிகளை ஓடவைக்கும் ஏற்பாட்டுக்குச் செல்லப்பெயர் லினக்ஸுலேட்டர். லினக்ஸையும் எமுலேட்டரையும் ஒட்டிச் செய்த சொல். சேலத்தில் லினக்ஸ் பழகும் கல்லூரிப் பசங்க வாயில் இது அடிபடக் காரணம், கணினி விளையாட்டுகளை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் செயலி. அதற்கு 2013 முதல் லினக்ஸ் பதிப்பு உண்டு, ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு கிடையாது. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தால், ஓடுதான்னு பார்த்துடலாமே என்று இறங்கிவிடுகிறார்கள்.

எமுலேட்டருக்கு வேர், 'போட்டியாளர்' என்று பொருள்படும் ஏமுலஸ் என்ற லத்தீன் சொல். ஒருவரைப் பார்த்து அவருக்கு ஈடாகச் செய்வது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. கணினிக்குள் இதைக் கொண்டுவந்தது ஐபிஎம். 1964இல் அறிவித்த சிஸ்டம்/360இல் தன் பழைய இயந்திரங்களின் நிரல்களை ஓட்டிய ஏற்பாட்டுக்கு இந்தப் பெயரை வைத்தது. அதாவது, ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரமாகவே நடந்துகொள்வது. 'போல்' என்ற அடியிலிருந்து பிறந்த 'போன்மி' இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல். நல்+மை நன்மை ஆவதுபோல லகரம் னகரமானது.

ஆனால் லினக்ஸுலேட்டர் போன்மி இல்லை. அம்மாப்பேட்டையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பேத்தி, டாக்டரிடம் தமிழில் எடுத்துச்சொல்வாளே, அந்த வேலைதான் இது. 64 பிட் லினக்ஸில் 'எழுது' என்று கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியை, கேட்கும் அழைப்பின் எண் 1. ஃப்ரீபிஎஸ்டியில் 'எழுது' 4. அங்கே 1 என்றால் 'முடித்துக்கொள்'! பெயர்க்க ஆளில்லாவிட்டால், ஒரு வரி எழுதக் கேட்ட விளையாட்டு அங்கேயே செத்துப்போகும். கோப்பு கேட்டாலும் முதலில் 'கம்பேட்' அடைவுக்குள் (ஃபோல்டர்) இருக்கும் 'லினக்ஸ்' அடைவில் தேடிவிட்டுத்தான் வெளியே வரும். இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் 'யூநேம்' கட்டளையின் லினக்ஸ் பதிப்பை அங்கிருந்து ஓட்டினால், கூசாமல் 'லினக்ஸ்' என்று பதில் வரும்.

எமுலேட்டர்னா ஸ்லோவா இருக்குமே என்ற பயம் இங்கே வேண்டாம். பிராசசருக்கான கட்டளைகள் அப்படியே ஓடுகின்றன. பெயர்க்கப்படுவது கெர்னல் அழைப்புகள் மட்டும். படுத்துவது பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான்.

விண்டோஸ் செயலிகளை லினக்ஸ் போன்ற தளங்களில் ஓடவைக்க 1993இல் தொடங்கிய வைன் திட்டம், 'வைன் எமுலேட்டர் அல்ல' என்ற விளக்கத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் அதன்மேல் கட்டியது. ஆகவே விண்டோஸ் விளையாட்டை லினக்ஸ் ஸ்டீம், புரோட்டான் வழியாக ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்ட நினைப்பவருக்கு இரண்டு பெயர்ப்புகள்: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு, அப்புறம் லினக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கு. நடுவில் ஏதாவது சொதப்பினால் யாரைக் குற்றம் சொல்வது என்று கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு.

தமிழில் இதை 'இணக்க அடுக்கு' என்பதே சரி. 'பெயர்ப்படுக்கு' எனக்கு இன்னும் பிடிக்கும், செய்யும் வேலையைச் சொல்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸ் செயலிகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஏற்பாட்டின் முதல் பதிப்புக்கும் இதே சொல் பொருந்தும். இரண்டாம் பதிப்புக்குப் பொருந்தாது. அதில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுவதால் அது மெய்நிகர் இயந்திரம், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி.