பசையற்ற ரொட்டியும் குளூட்டன் இல்லாத ரொட்டியும்

என் அக்காவுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய், என்று தெரிந்த அன்று, கையில் ஒரு தமிழ்த் துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்பினார்கள். 'பசையற்ற காலை உணவுகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அக்கா அதை அப்படியே நம்பினார். குழைந்த சோறு வேண்டாம் என்றார். வெண்டைக்காயை ஒதுக்கினார். கஞ்சியைத் தொடவில்லை. காலையில் மொறுமொறுவென்று சுட்ட கோதுமை ரொட்டியை மட்டும் சாப்பிட்டார். "இதுல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு, காஞ்சுதானே கிடக்கு" என்றார். கோதுமையைத் தவிர்க்கச் சொல்லி அறிக்கையின் உள்ளே ஒரு வரி இருக்கத்தான் செய்தது. ஆனால் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

ஆங்கிலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்பதற்குத் தமிழில் போட்ட சொல்தான் அந்தப் 'பசையற்ற'. அதற்குப் பிறகு அதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. சமையல் குறிப்புகளில் வருகிறது, காணொளித் தலைப்புகளில் வருகிறது, மருத்துவக் கட்டுரைகளிலும் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் வேர். குளூட்டன் என்பது லத்தீன் சொல், பொருள் பசை. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து போய்விடும். கடைசியில் ரப்பர் போல ஒரு பிண்டம் கையில் நிற்கும். இத்தாலியின் பொலோனாவில் பெக்காரி என்ற அறிஞர் 1728-இல் இதைப் பற்றிப் பேசினார், 1745-இல் அது அச்சில் வந்தது. அந்தப் பிண்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் குளூட்டன். அதில் முக்கியமாக இரண்டு வகைப் புரதங்கள் உண்டு: கிளையடின், குளூட்டெனின். பார்லியிலும் ரை தானியத்திலும் இவற்றுக்கு உறவான புரதங்கள் இருக்கின்றன. சீலியாக் நோயாளிக்கு அவையும் ஆகாது. வேர் இவ்வளவுதான்.

சரி, லத்தீனில் பசை என்றுதானே பொருள், தமிழிலும் பசை என்று சொன்னால் என்ன தவறு என்று கேட்கலாம். லத்தீன் சொல்லை இன்று யாரும் பசை என்ற பொருளில் படிப்பதில்லை. அது ஒரு புரதத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. தமிழில் பசை அப்படிச் சுருங்கவில்லை, இன்னும் உயிரோடு ஓடுகிற சொல். ஈரப்பசை என்கிறோம், எண்ணெய்ப்பசை என்கிறோம். கையில் பசை இல்லை என்றால் காசு இல்லை என்று பொருள். இத்தனை பொருளும் நாவில் இருக்கும்போது 'பசையற்ற' என்றால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கும்? காய்ந்தது, வறண்டது, ஒட்டாதது. அக்கா தவறாகப் படிக்கவில்லை. தமிழ் தெரிந்தவர் எப்படிப் படிப்பாரோ அப்படித்தான் படித்தார்.

உணவின் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தச் சொல் நிற்காது. ஒட்டும் அரிசி என்று ஒரு வகை உண்டு. வெந்தால் விரலில் அப்பிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே குளூட்டன் என்ற வேர் ஒலிக்கிறது. ஆனால் அதில் குளூட்டன் துளியும் கிடையாது. அந்த ஒட்டல் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்தால் வருவது. மைதாவைத் தண்ணீரில் காய்ச்சிக் காகிதம் ஒட்டுகிறோமே, அதில்கூட ஒட்டுகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது வெந்து கூழான மாவுச்சத்துதான். ஆக, தமிழர் எதைப் பசை என்று சொல்கிறார்களோ அது மாவுச்சத்தின் குணம். அதைப் புரதத்தின் பெயராக்கினால் குற்றமில்லாதவன் தலையில் பழி விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. குளூட்டன் இல்லாமல் ரொட்டி சுடுகிறவர்கள் மாவில் என்ன சேர்க்கிறார்கள்? சாந்தன் பிசின், இல்லாவிட்டால் இசப்கோல் உமி. கோதுமை ரொட்டியில் நுரைத்து எழும் வாயுவைப் பிடித்துவைப்பது குளூட்டன் வலை. அது போய்விட்டால் வேறு ஏதாவது அதைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிசுபிசுப்பு. அதாவது குளூட்டனை எடுத்த இடத்தில் பசையைப் போடுகிறார்கள். பெரும்பாலும் மாவு பிசையும் பதத்தில்கூட இருக்காது, தளர்வாக ஊற்றும் பதத்தில் இருக்கும், கையில் ஒட்டும். அதை எடுத்து 'பசையற்ற ரொட்டி' என்று எழுதினால், செய்கிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? கை ஒட்டுகிறதே, எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று இன்னும் மாவைக் கொட்டுவார். ரொட்டி செங்கல்லாகும்.

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'பசையம்' என்று ஒரு படி மேலே போனார்கள். கலைச்சொல் ஆக்கும் முறை அதில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலைகளின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளுக்குப் 'பச்சையம்' என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோம். நடுவில் ஒரு சகர மெய்தான் வேறுபாடு. வேகமாகப் படிக்கும் கண்ணுக்குப் 'பசையமற்ற உணவு' என்பது கீரை இல்லாத உணவாகத் தெரியும். மருந்துச்சீட்டிலும் உணவுப் பொட்டலத்திலும் ஒரு மெய்யெழுத்தை நம்பி இருக்க முடியாது. 'ஒட்டுப்புரதம்' என்பதும் பசையின் அண்ணன்தான், அதே குறை.

இவையெல்லாம் குழப்பம் என்றால் 'மாவுச்சத்து இல்லாத' என்ற மொழிபெயர்ப்பு நேர் எதிர். அண்மையில் ஒரு பான்கேக் குறிப்பு படித்தேன். தலைப்பில் மாவுச்சத்து இல்லாதது என்று இருக்கிறது, முதல் வரியில் அரிசி மாவு, இரண்டாம் வரியில் உருளைக்கிழங்கு மாவு. இரண்டும் பெரும்பகுதி மாவுச்சத்துதானே! மொழிபெயர்த்தவர் தான் எழுதியதைத் தானே ஒரு முறை படித்திருந்தால் போதும். இத்தனைக்கும் அது நல்ல குறிப்பு. பான்கேக் மாவுக்கு வலுவான வலை தேவையில்லை, முட்டையும் வெந்த மாவுச்சத்துமே அதைப் பிடித்துக்கொள்ளும். மாவைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் அரிசி மாவின் நறநறப்பும் குறையும். காலை உணவுகளில் மாற்றிச் செய்ய மிக எளிதானது இது, ரொட்டிதான் மிகக் கடினம்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்துத் திருத்தாமல் விடுகிறவர்களிடமிருந்து 'குளூட்டன் இலவசம்' என்றும் வந்துகொண்டிருக்கிறது. குளூட்டனைச் சும்மா தருகிறோம் என்கிறது அந்த வரி. அது உடம்புக்குள் போகவே கூடாது என்று இருப்பவருக்கு இதை எழுதலாமா? நாள் தவறாமல் இந்த மாதிரி ஏதாவது கண்ணில் படுகிறது. பக்வீட் என்ற விதையின் பெயரில் வீட் இருப்பதால் அதை ஏதோ ஒரு கோதுமை என்று எழுதுகிறார்கள். அது கோதுமைக் குடும்பமே இல்லை, புல்லினமும் இல்லை. குளூட்டன் இல்லாத பான்கேக்குக்கு அருமையான மாவு அது, பெயரைப் பார்த்தே நோயாளி ஓடிவிடுகிறார். மால்ட் என்பதை 'முளைகட்டிய தானியம்' என்று மட்டும் எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பார்லி. சோளத்தில் குளூட்டன் இல்லையே என்று கார்ன் பிளேக்ஸ் வாங்குகிறவரை மாட்டிவிடுவது அதில் சுவைக்காகச் சேர்க்கிற அந்த மால்ட்தான். 'பார்லி மால்ட்' என்று இரண்டே சொல்லில் எழுதலாம்.

அப்படியானால் சரியான தமிழ்ச் சொல் எது? என்னைக் கேட்டால், குளூட்டனின் தனிக்குணம் ஒட்டுவது அன்று, இழுபடுவது. நன்றாகப் பிசைந்த கோதுமை மாவில் ஒரு துண்டைக் கிள்ளி விரித்தால் அறுந்துபோகாமல் மெல்லிய தோலாக விரியும், விட்டால் சுருங்கும். கிளையடின் இழுபட வைக்கிறது, குளூட்டெனின் திரும்பச் சுருங்க வைக்கிறது. இதை வைத்து 'இழுபுரதம்' என்று சொல்லலாம். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. நாவுக்கும் எளிது, வேறொன்றோடு குழம்பாது. பார்லி மாவும் ரை மாவும் கோதுமை அளவுக்கு இழுபடா என்பது உண்மை. ஆனாலும் கோதுமையில் கண்ட குணத்தை வைத்து உறவுக்காரர் எல்லோருக்கும் ஒரே பெயரிடுவதில் தவறில்லை. குளூட்டன் என்ற பெயரும் அப்படித்தான் பரவியது.

ஆனால் இன்றைக்கே பொட்டலத்தில் 'இழுபுரதம்' என்று மட்டும் அச்சடிக்கச் சொல்ல மாட்டேன். பாடத்திலும் கட்டுரையிலும் அந்தச் சொல் பழகட்டும். உடம்பு சம்பந்தப்பட்ட இடத்தில் 'குளூட்டன் இல்லாத' என்றே எழுதுங்கள், பக்கத்திலேயே 'கோதுமை, பார்லி, ரை சேராதது' என்றும் எழுதுங்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் நோயாளியின் தட்டில் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

'இல்லாத', 'நீக்கிய' இரண்டையும் கலக்கவும் கூடாது. அரிசியில் குளூட்டன் இல்லை. கோதுமை மாவுச்சத்திலிருந்து அதைக் கழுவி எடுத்தால் அது குளூட்டன் நீக்கியது. கோடெக்ஸ் பன்னாட்டு உணவுத் தரத்தின்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல முடியாது. ஓட்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதன் சொந்தப் புரதமான அவெனின் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. எனவே 'குளூட்டன் இல்லாத ஓட்ஸ்' என்று போட்டிருந்தால்தான் அக்கா வாங்குகிறார், அதுவும் மருத்துவரிடம் கேட்ட பிறகு.

அந்தத் துண்டறிக்கை இன்னும் அவரிடம் இருக்கிறது. 'பசையற்ற' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'கோதுமை, பார்லி, ரை கூடாது' என்று எழுதி, ரொட்டி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.