புது இயங்குதளம் போனுக்குள் நுழைவது எப்படி?

2011-இல் நோக்கியா என்9 வெளிவந்தபோது அதன் முன்பக்கத்தில் ஒரு பட்டன்கூட இல்லை. திரையின் ஓரத்திலிருந்து விரலால் தள்ளினால் செயலி விலகி முகப்பு வந்துவிடும். இன்று ஏறக்குறைய எல்லா போன்களிலும் நாம் செய்வது அதைத்தான். அதில் ஓடிய இயங்குதளத்தின் (ஓஎஸ்) பெயர் மீகோ. ஆனால் அந்தப் போன் கடைக்கு வருவதற்கு முன்பே, அதே ஆண்டு பிப்ரவரியில், இனி தங்கள் வழி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று நோக்கியா அறிவித்துவிட்டது.

நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. சரி, வேறு என்ன வேண்டும்? எல்லோரும் முதலில் சொல்வது செயலிகளை. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அடித்தளத்தில் இருக்கும் சிக்கல்.

இயங்குதளத்தின் அடியில் கர்னல் இருக்கிறது. கேமரா, நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம், தொடுதிரை, கிராபிக்ஸ் சிப் என்று ஒவ்வொன்றோடும் அது பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு உதவும் சின்ன நிரல்தான் டிரைவர். பெரும்பாலும் அதை எழுதுவது அந்த சிப்பைத் தயாரித்தவர். பல டிரைவர்களின் மூலநிரலை, அதாவது எழுதப்பட்ட அசல் வரிகளை, வெளியாள் பார்க்கவே முடியாது. சிப் தயாரிப்பவர் யாருக்காக எழுதுவார்? கோடிக்கணக்கில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்காக. சில லட்சம் போன் விற்றாலே பெரிது என்று இருக்கும் புதியவருக்காக அவர் தனியாக உட்கார்ந்து எழுத மாட்டார்.

அதனால் புதியவர்கள் ஆண்ட்ராய்டின் டிரைவர்களையே கடன் வாங்குகிறார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். அவை ஆண்ட்ராய்டுக்கே உரிய பயோனிக் என்ற அடிப்படை நிரல் தொகுப்பை நம்பி எழுதப்பட்டவை. புதியவர்கள் பலர் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் வழக்கமான லினக்ஸ் பயன்படுத்துவதோ வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்போல நிற்பதற்காக லிப்ஹைப்ரிஸ் என்ற நிரல் உருவானது. செயில்ஃபிஷ், உபுண்டு டச் என்ற புது இயங்குதளங்கள் இரண்டும் அதைக் கொண்டுதான் பல போன்களில் ஓடின. மாடி புதிது, அஸ்திவாரம் அடுத்தவருடையது. டிரைவரைப் புதுப்பிப்பதை சிப் நிறுவனம் நிறுத்திவிட்டால், மேலே இருப்பவரும் பழைய கர்னலோடு மாட்டிக்கொள்கிறார்.

அப்புறம் ஒப்பந்தம். ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்ததுதான், யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் பிளே ஸ்டோர் திறந்தது அல்ல. அது வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டோடு ஒத்துப்போகாத மாற்று வடிவங்களில் போன் தயாரிக்கக் கூடாது என்று கூகுள் நிபந்தனை வைத்திருந்தது. 2012-இல் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு போனை வெளியிட ஏசர் நிறுவனம் தயாராக இருந்தது. கூகுளின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் அறிமுக விழா ரத்தானது. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்ததற்கான காரணங்களில் இந்த நிபந்தனையும் ஒன்று. பின்னர் நீதிமன்றம் தொகையைச் சற்றுக் குறைத்தது.

செயலிகளின் கதை தெரிந்ததுதான்: ஆள் இல்லாமல் செயலி வராது, செயலி இல்லாமல் ஆள் வராது. ஆண்ட்ராய்டு செயலிகளையே ஓட்டிக் காட்டுவது ஒரு குறுக்குவழி. பிளாக்பெர்ரி 10 என்ற இயங்குதளம் அதைச் செய்து பார்த்தது. அப்படி ஓடிவிட்டால், புது இயங்குதளத்துக்கென்று தனியாக எழுத யாருக்கும் அவசியம் இருக்காது. மேலும், வரைபடத்துக்கும் அறிவிப்புகளுக்கும் பல செயலிகள் நம்பியிருப்பது கூகுளின் மூடிய சேவைகளை. அவை இல்லாத போனில் செயலி திறக்கும், பாதியில் முழிக்கும்.

இவ்வளவையும் தாண்டி வந்தவர்களைப் பார்த்தால், ஒன்று வேறு வழியே இல்லாதவர்கள், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு நுழையாத இடத்தைப் பிடித்தவர்கள். 2019 மே மாதம், கூகுளின் சேவைகளைப் பெற முடியாதபடி சீன நிறுவனமான ஹுவாவே மீது அமெரிக்கா தடை விதித்தது. ஆகஸ்டில் ஹுவாவே தன் சொந்த இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ்ஸை அறிவித்தது. 2024-இல் வந்த அதன் நெக்ஸ்ட் பதிப்பு ஆண்ட்ராய்டு செயலிகளை ஏற்பதை அடியோடு நிறுத்தியது. சீனா என்ற பெரிய உள்நாட்டுச் சந்தை கையில் இல்லாத ஒருவர் அந்தத் துணிச்சலைக் காட்டியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தோற்றுப்போன ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து பிறந்த கைஓஎஸ், 256 எம்பி நினைவகமே உள்ள பட்டன் போன்களில் இடம் பிடித்தது.

சிலர் போனையே விட்டுவிட்டார்கள். பாம் நிறுவனம் 2009-இல் போனுக்காகக் கொண்டுவந்த வெப்ஓஎஸ், கை மாறி 2013-இல் எல்ஜியிடம் போய், இப்போது டிவிகளில் ஓடுகிறது. அங்கே மோடம் வேண்டாம், வங்கிச் செயலி வேண்டாம். படம் ஓடினால் போதும்.