கார் முன்கண்ணாடி: தேர்வும் பொருத்துதலும்

கார் கண்ணாடி மாற்றும் பணியில் என்னிடம் வருவோர் பெரும்பாலும் கேட்பது, ‘எளிதில் உடையாத கண்ணாடி எது?’ என்பதையே. அதைவிட முக்கியமானது, அடிபட்டால் அது எப்படி உடையும், உடைந்த பிறகும் தன் சட்டகத்தில் நிற்குமா என்பது.

பக்கக் கதவுகளிலும் பின்புறத்திலும் பெரும்பாலும் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர்விப்பதால், அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்துவிடுகின்றன. உடையும்போது கூர்மை குறைந்த சிறு துண்டுகளாக மொத்தமும் சிதறும். ஓடும் காரின் முன்புறத்தில் அப்படிச் சிதறினால் ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது.

ஆகவே முன்புறத்துக்கு லேமினேட்டட் கண்ணாடிதான் ஏற்றது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, பொதுவாக 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிவினைல் பியூட்டிரல் என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். தகடு விரிசல் விட்டு உடைந்தாலும் துண்டுகளை அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். மோதலில் பயணி வெளியே தூக்கி எறியப்படாமலும் தடுக்கும். சில கார்களில் பக்கக் கண்ணாடியும் இவ்வகையே. ஆபத்தில் கண்ணாடியை உடைத்து வெளியேற உதவும் அவசரச் சுத்தியல் அதில் விரிசலை மட்டுமே உண்டாக்கும் என்பதால், கண்ணாடியின் மூலையிலுள்ள முத்திரையைப் பார்த்து வகையை முன்கூட்டியே அறிந்துவைப்பது உயிர்காக்கும்.

நல்ல கண்ணாடியையும் மோசமான ஒட்டுதல் வீணாக்கிவிடும் என்பதே என் பெருங்கவலை. பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் மோதி, அதன் தாங்குதலில்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமலிருக்கவும் அக்கண்ணாடி துணை நிற்கிறது. துருவை நீக்காமல், பசை நன்கு பிடிக்க உதவும் அடிப்பூச்சான பிரைமரைப் பூசாமல், கிடைத்த சிலிக்கோனை வைத்து ஒட்டினால் இவ்விரண்டும் கைவிட்டுப் போகும். உரிய பாலியூரித்தேன் பசையே வேண்டும். அது இறுகும் நேரம் பசையின் வகை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கேற்ப மாறுவதால், எப்போது ஓட்டலாம் என்று பொருத்துநரிடம் கேட்காமல் சாவியை வாங்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் உதவி கேமரா இருந்தால், அதை மறுசீரமைக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

கல் தெறித்து விழுந்த சிறு புள்ளியைப் பிசின் செலுத்திச் சரிசெய்ய முடியும். அதுவரை தூசியும் நீரும் புகாதபடி ஒளிபுகும் டேப்பால் மூடிவையுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், புள்ளி விரிசலாக ஓடிவிடும். விரிசல் ஓரத்தை எட்டியிருந்தாலோ, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் விழுந்திருந்தாலோ, கண்ணாடியை மாற்றிவிடுமாறுதான் நான் சொல்வேன்.