மெமோவை வாங்காதே என்று சொல்லும் தோழருக்கு

போன வாரம் என் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு பிரஸ் ஷாப் ஆபரேட்டர் வந்தார். கூடவே அவருடைய சங்கத்தின் கிளைச் செயலாளர். கையில் டிஸ்மிஸ் ஆர்டர். சூப்பர்வைசரைக் கீழே தள்ளிவிட்டதாகக் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கும் சார்ஜ் மெமோவைக் காட்டுங்கள் என்றேன். "அதை நாங்க வாங்கவே இல்லை சார்" என்றார் செயலாளர், ஏதோ சாதித்துவிட்டு வந்தவர் மாதிரி. என்கொயரிக்கு, அதாவது கம்பெனியின் உள் விசாரணைக்கு, வரச்சொல்லும் நோட்டீஸ்? அதுவும் வாங்கவில்லை. என்கொயரி? "ஒரு சிட்டிங்கூடப் போகலை. மொத்தமா பாய்காட்."

தொழிலாளர் தரப்பில் மட்டுமே வழக்கு நடத்துகிறவன் நான். சங்கம் இல்லாத ஆலையில் ஒரு தொழிலாளி என்ன பாடு படுகிறார் என்று தெரியும். அந்த உரிமையில்தான் கோபித்துக்கொள்கிறேன். கோர்ட்டில் நாங்கள் தோற்கிற பல வழக்குகள், மெமோ வந்த வாரத்திலேயே தோற்றுப்போனவை. அந்த வாரத்தில் தொழிலாளியின் பக்கத்தில் வக்கீல் இருப்பதில்லை. செயலாளரோ, கமிட்டி மெம்பரோ, அந்த டிபார்ட்மென்ட்டின் சங்கப் பிரதிநிதியோதான் இருக்கிறார்.

மெமோவை வாங்காவிட்டால் குற்றச்சாட்டே இல்லை என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியாது. நடப்பதைச் சொல்கிறேன். டைம் ஆபீஸில் மெமோவை நீட்டுகிறார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி உங்கள் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எச்.ஆர். ஆபீசர் அதே மெமோவின் ஓரத்தில் "பெற்றுக்கொள்ள மறுத்தார்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, பக்கத்தில் நிற்கும் இரண்டு செக்யூரிட்டிகளிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார். மாலையிலேயே அது வீட்டு முகவரிக்குத் தபாலில் போகிறது. அங்கேயும் வாங்குவதில்லை. போஸ்ட்மேன் "மறுக்கப்பட்டது" என்று எழுதித் திருப்பிவிடுகிறார். திரும்பி வந்த கவரைக் கம்பெனி பிரிக்கவே பிரிக்காது. ஒட்டியது ஒட்டியபடியே ஃபைலில் வைத்துக்கொள்ளும். கோர்ட்டில் அதுதான் அவர்களுடைய அருமையான ஆவணம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் வருடத்து ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. அது போதாதென்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிப் போட்டோ எடுப்பார்கள், நாளிதழில் விளம்பரம் கொடுப்பார்கள். ஆக, மெமோ சட்டப்படி உங்களுக்கு வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் உங்கள் உறுப்பினர்தான்.

அடுத்தது எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆள் இல்லாமலே நடக்கும் விசாரணை. என்கொயரி ஆபீசர் தேதி வைக்கிறார், ஆள் வரவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார், வரவில்லை. இரண்டையும் நடவடிக்கைக் குறிப்பில் அழகாக எழுதிக்கொள்கிறார். அப்புறம் சூப்பர்வைசர் வந்து சாட்சி சொல்கிறார். குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது, சூப்பர்வைசர் தானாக வழுக்கி விழுந்தார் என்று இந்த ஆபரேட்டர் என்னிடம் சொன்னார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் அது சாட்சியம். டிஸ்மிஸ் ஆன பிறகு வக்கீல் ஆபீஸில் சொன்னால், பிறகு யோசித்துச் சேர்த்த கதை என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். நான் அந்தப் பக்கம் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

"பரவாயில்லை சார், கோர்ட்ல பார்த்துக்கலாம்." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. லேபர் கோர்ட் முதலில் பார்ப்பது, உள் விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைத்தான். அழைத்தும் வராதவர், எனக்கு வாய்ப்புத் தரவில்லை என்று எந்த முகத்தோடு வாதாடுவது? அப்படியே விசாரணை செல்லாது என்று வாங்கிவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது. கம்பெனி குற்றச்சாட்டைக் கோர்ட்டிலேயே புதிதாக நிரூபிக்கலாம். முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்கள், அனுமதியும் கிடைக்கும். அவர்கள் சாட்சி இன்னும் சம்பளத்தில் இருக்கிறார். உங்கள் சாட்சிகள் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் பயந்து போயிருப்பார்கள். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்பது உண்மைதான். குறைப்பதற்கு நீதிபதி கையில் ஏதாவது ஒரு காகிதம் வேண்டாமா?

இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் செய்வது நல்லவர்கள், அதுதான் வருத்தம். எச்.ஆர். மேனேஜர் கமிட்டி மெம்பரைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, மேலிடத்துல பேசி முடிச்சிடலாம்" என்கிறார். சிநேகமாக டீயும் வருகிறது. நம் ஆளும் உறுப்பினரை உட்காரவைத்து, "இனிமேல் இப்படி நடக்காது, இந்த முறை மன்னிக்கவும்" என்று எழுத வைக்கிறார். அந்த ஒற்றை வரி குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம் ஆகிவிடுகிறது. இந்த முறை வார்னிங்கோடு விட்டாலும், அடுத்த மெமோவில் "கடந்த காலப் பதிவு" என்று அதுவே முதலில் வந்து நிற்கும். வாய்ப்பேச்சில் எச்.ஆர். கொடுத்த வாக்கு எந்த ஃபைலிலும் இருக்காது. அந்த மேனேஜரே அடுத்த வருடம் அங்கே இருக்கமாட்டார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? மெமோவை வாங்குங்கள். "நகல் கிடைத்தது" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். வாங்கினால் ஒத்துக்கொண்டதாக ஆகாது; அதை உங்கள் உறுப்பினருக்கு நாலு தடவை சொல்லுங்கள், பயத்தில் காதில் ஏறாது. தபாலில் வந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், எப்போது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கெடு தேதிக்குள் பதில் போகவேண்டும். முழுப் பதில் தயாராக இல்லையென்றால் அவகாசம் கேட்டாவது ஒரு கடிதம் போகட்டும், அக்னாலட்ஜ்மென்ட் வாங்கிக்கொண்டு. பதிலில் குற்றச்சாட்டுகளைத் திட்டவட்டமாக மறுக்க வேண்டும். நடந்தது என்ன, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இரண்டு வரி. மேனேஜ்மென்ட்டின் தொழிலாளர் விரோதப் போக்கு பற்றிய இரண்டு பக்கக் கண்டனத்தைக் கேட் மீட்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பதிவு வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அது தானாக அழிந்து மேலே புதியது ஏறிக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசர் வழுக்கி விழுந்ததாக அந்த ஆபரேட்டர் சொன்ன இடத்துக்கு நேர் மேலே கேமரா இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

விசாரணையில் துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ள ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகள் இடம் தருகின்றன. நீங்கள் போனால் கத்தாதீர்கள். குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில் என்றால், தமிழில் எழுதவோ வாசித்துச் சொல்லவோ வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால், மறுத்ததைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அதையும் மறுத்தால் அன்றைக்கே ஒரு கடிதம். ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகு கையெழுத்து, அன்றைய நகல் கையில் வந்த பிறகு வெளியே. குறுக்குக் கேள்விக்கு வக்கீல் மூளை தேவையில்லை. மிஷின் எங்கே இருந்தது, தரையில் என்ன இருந்தது, அந்த ஷிப்டில் யார் யார் என்று ஷாப் ஃப்ளோர் தெரிந்தவர் கேட்கும் கேள்விகள் என் கேள்விகளைவிடக் கூர்மையாக இருப்பதைப் பல ரெக்கார்டுகளில் படித்திருக்கிறேன்.

ஆள் சஸ்பென்ஷனில் இருந்தால், அந்தக் காலத்துக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம் வருகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் வந்த சட்டம் இருக்கிறது: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அப்புறம் 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். தாமதத்துக்குத் தொழிலாளியே காரணம் என்றால் இந்த உயர்வு கிடைக்காது. வாய்தா மேல் வாய்தா கேட்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

டிஸ்மிஸ் ஆர்டர் வந்த பிறகு நடக்கும் கூத்து தனி. "சங்கம் பேசிக்கிட்டு இருக்கு, பொறு" என்று உறுப்பினரை வருடக்கணக்கில் நிறுத்தி வைக்கிறார்கள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் காலக்கெடு காத்திருக்காது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுப் போட்டு, அங்கே தீரவில்லை என்றால், அரசு அனுப்பி வைக்கக் காத்திராமல் நேராகவே வழக்குக்குப் போகலாம். பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் பழக்கத்தில் 2ஏ மனு என்கிறோமே, அதுதான். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இதற்கு டிஸ்மிஸ் ஆன நாளிலிருந்து 3 வருடம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 வருடம். மூன்று என்றே பலர் இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டையும் மறந்துவிட்டு, ஆர்டர் வந்த மாதத்திலேயே மனுவைப் போடுங்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு மாற்றம்: வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்கூட்டிய நோட்டீஸ் இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் உண்டு, முன்போலத் தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இல்லை. பாதிப் பேர் ஒன்றாகக் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். "ஸ்ட்ரைக்னு சொல்லாம லீவ் போட்டு உட்காருவோம்" என்ற பழைய சாமர்த்தியம் இனி செல்லாது. அந்தத் தொகுப்பை ஏற்பதா எதிர்ப்பதா என்பது உங்கள் அரசியல். அதைப் படிப்பது உங்கள் வேலை.

நிர்வாகி ஆகிவிட்டால் கம்பெனி கைவைக்க முடியாது என்றும் ஒரு நினைப்பு. பாதுகாக்கப்பட்ட தொழிலாளி என்ற அந்தஸ்து ஆலையின் மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதத்துக்குத்தான், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். சங்கம் பெயர்களை எழுத்தில் கொடுத்து அங்கீகாரம் வாங்க வேண்டும். கிடைப்பதும், தகராறு நிலுவையில் இருக்கும்போது உங்களை நீக்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிற அளவு பாதுகாப்புதான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 1918-இல் சென்னையில் மதராஸ் லேபர் யூனியனைத் தொடங்கிய பி.பி. வாடியாவுக்கு அதுகூட இல்லை. பின்னி மில் தகராறில் நிர்வாகம் அவர்மீதும் சக நிர்வாகிகள்மீதும் உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கியது. அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டம். தகராறை முன்னெடுத்ததற்காகப் பதிவு பெற்ற சங்கத்தின்மீது இன்று சிவில் வழக்குப் போட முடியாது என்றால் அதனால்தான்.

"பதிவு பெற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் வருடக்கணக்கில் கிடக்கும் சங்கங்களை நான் பார்க்கிறேன். பதிவு ரத்தாகும் நோட்டீஸ் வந்த பிறகு ஓடிவருகிறார்கள். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும், சங்கத்தின் பெயர் பதிவேட்டில் ஏற 2025 ஜனவரி ஆயிற்று. அவ்வளவு போராடி வாங்குகிற ஒன்றை, ஒரு படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு இழப்பதா? சந்தாவைச் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் கைசுத்தமானவராகவே இருக்கலாம். நாளைக்குச் சங்கத்தில் பிளவு வந்தால் எதிர் அணி முதலில் பிரிப்பது உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான். ரசீதுப் புத்தகம், சங்கத்தின் பெயரில் கணக்கு, மினிட்ஸ், தணிக்கை. கணக்கைப் பார்க்க வேண்டும் என்று உறுப்பினர் கேட்டால் முறைக்காதீர்கள், சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை அது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. ஒரு பெண் தொழிலாளி பாலியல் தொல்லை என்று புகார் கொடுக்கிறார். புகாருக்கு ஆளானவர் சங்கத்தில் மூத்தவர். உடனே கமிட்டி கூடி, "நம்ம சங்கத்து விஷயம் வெளியே போகக்கூடாதும்மா" என்று பஞ்சாயத்துப் பேசுகிறது. அது உங்கள் வேலை கிடையாது. 2013-ஆம் வருடச் சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியது உள்ளகப் புகார்க் குழு. சமரசம் என்பது அந்தப் பெண் தானே கேட்டால் மட்டும்தான், அதிலும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக்கூடாது. புகார் கொடுக்க 3 மாதம்தான், குழு நினைத்தால் இன்னொரு 3 மாதம் நீட்டலாம். நீங்கள் நடத்தும் பஞ்சாயத்தில் கரைவது அந்த நாட்கள். அந்த அம்மாவும் சந்தா கட்டுகிறவர்தானே? இருவருமே உறுப்பினர் என்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணையில் நியாயமான வாய்ப்புக் கிடைக்கிறதா என்று பாருங்கள், புகார் கொடுத்தவரை யாரும் மிரட்டாமல் பாருங்கள்.

மெமோ வந்தால் வக்கீலிடம் அன்றைக்கே காட்டுங்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாலும் பரவாயில்லை, நாங்கள் பார்க்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: எல்லாப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். எத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை மட்டும் சொல்லி வைத்தாற்போல எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.